சாலைத் திட்டத்தில் குழந்தைத் தொழிலாளர்: படிவத்தில் 'இல்லை', லேபர் ஷெட்டில் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

நிலாமதி

வணக்கம். வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கிற ஒரு சாலை விரிவாக்கத் திட்டத்தில் சமூகப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தத் திட்டம் என்று இங்கே சொல்ல முடியாது, கேள்விக்கு அது தேவையும் இல்லை.

மாதாமாதம் ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'தளத்தில் குழந்தைத் தொழிலாளர் உண்டா' என்று ஒரு கட்டம். ஒப்பந்தக்காரர் 'இல்லை' என்று எழுதிக் கொடுப்பார், நாங்கள் மேலே அனுப்புவோம். அந்த 'இல்லை'யைப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. மஸ்டர் ரோலில் (வேலையாட்களின் வருகைப் பட்டியல்) இருக்கிற எல்லோரும் பதினெட்டு தாண்டியவர்கள், ஆதார் நகல் கோப்பில் இருக்கிறது, வாசலில் செக்யூரிட்டி சிறுவர்களை உள்ளே விடுவதில்லை. ஆனால் தொழிலாளர் குடும்பங்கள் தங்கும் லேபர் ஷெட் பக்கம் போனால் காலை பத்து மணிக்கு ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், தண்ணீர் சுமக்கிறார்கள், சோறு பொங்குகிறார்கள். ஒருவரும் பள்ளிக்கூடம் போகவில்லை. வடிகாலுக்கும் சுற்றுச்சுவருக்கும் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது, ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து வருகிறது என்று கேட்டால் "அது சப்ளையர் விஷயம் மேடம்" என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்தத் துறையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். எதைச் செய்தால் பிள்ளைகள் உண்மையிலேயே வகுப்பறைக்குப் போகிறார்கள்? சட்டப் பிரிவு எண்களை விட, செய்து பார்த்த விஷயங்கள்தான் எனக்கு வேண்டும்.

கொத்துக்கரண்டி

மேடம், நான் சைட் இன்ஜினியர். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே உண்மை.

பெரிய கம்பெனி சைட்டுக்குள் சிறுவர்களை வேலைக்கு விடுவது இப்போது குறைந்துவிட்டது, விபத்து நடந்தால் போலீஸ், இன்சூரன்ஸ், பத்திரிகை என்று மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருக்கிறது. ஆனால் வேலை கைமாறிக் கைமாறிக் கீழே போகப் போக நிலைமை மாறும். மெயின் காண்ட்ராக்டர் சப் காண்ட்ராக்டருக்குக் கொடுப்பார், அவர் மேஸ்திரிக்குக் கொடுப்பார், மேஸ்திரி ஊரிலிருந்து புருஷன் பெண்டாட்டி ஜோடியாக ஆள் கூட்டிவருவார். கேபிளுக்குக் குழி தோண்டுவது மீட்டர் கணக்கு, பேவர் பிளாக் பதிப்பது சதுர மீட்டர் கணக்கு. நாள் கூலி என்றால் யார் வந்தார்கள் என்று எண்ணுவோம். மீட்டர் கணக்கு என்றால் எத்தனை மீட்டர் முடிந்தது என்றுதான் அளப்போம், யார் தோண்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை இறங்குவது அங்கேதான்.

குழந்தைகள் காப்பகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற கட்டுமானத் தளத்தில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு சப் காண்ட்ராக்டரும் தன்னிடம் இருபது பெண், முப்பது பெண் என்று தனித்தனியாகக் கணக்குக் காட்டினால் 50 என்ற எண் எந்தக் காகிதத்திலும் வராது. நேரில் போய் எண்ணினால் வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று. டெண்டரில் விலை போட இடம் இல்லாத எதையும் காண்ட்ராக்டர் செய்ய மாட்டார். ஹெல்மெட்டுக்கு ஐட்டம் உண்டு, பேரிகேடுக்கு உண்டு, மரம் நடுவதற்குக்கூட உண்டு. காப்பகத்துக்கும் ஆயாவுக்கும் நான் பார்த்த எந்த பி.ஓ.க்யூவிலும் (வேலைகளையும் அளவையும் விலையையும் போடும் பட்டியல்) ஒரு வரி இல்லை. எல்-1, அதாவது இருப்பதிலேயே குறைந்த விலை, என்று போட்டி போட்டு வேலை எடுத்தவரிடம் போய் உன் கைக்காசில் நடத்து என்றால் ஒரு ஷெட்டைக் கட்டி, போட்டோ எடுத்து, அப்புறம் அதில் சிமெண்ட் மூட்டை அடுக்குவார்.

சூளைக்காடு

செங்கல் பற்றி நான் சொல்கிறேன். திருவள்ளூர்ப் பக்கம் சூளைகளுக்கு வரும் ஒடிசாக் குடும்பங்களோடு வேலை செய்கிறேன்.

முதலில் பணம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பொலாங்கிர், நுவாபடா மாதிரி மாவட்டங்களில் ஆகஸ்ட் செப்டம்பரில் நுவாகாய் பண்டிகை வரும். அந்தச் சமயம் கையில் காசு இல்லாத வீடுகளுக்குத் தரகர் முன்பணம் கொடுத்துவிடுகிறார். அப்புறம் சீசனுக்குச் சூளைக்கு வந்து, கல் அறுத்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அந்தக் கடனைக் கழிக்க வேண்டும். வாராவாரம் கையில் கிடைப்பது சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் காசு, மீதிக் கணக்கு சீசன் முடிவில்தான். ஆளை எடுப்பதே தனி ஆளாக இல்லை. ஆந்திரா, தெலங்கானா சூளைகளுக்குப் போகிறவர்களிடம் 'பத்துரியா' என்று ஒரு கணக்கு உண்டு, ஆண் ஒன்று, பெண் ஒன்று, பிள்ளை ஒன்று சேர்ந்தால் ஒரு பத்துரியா. முன்பணம் அந்தக் கூட்டத்துக்குத்தான். பிள்ளை பின்னாலேயே தொற்றிக்கொண்டு வந்துவிட்டதாக வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள், அது தவறு. முன்பணம் கொடுக்கும்போதே பிள்ளையின் கையும் விலை பேசப்பட்டுவிட்டது.

சூளையில் பிள்ளைகள் செய்வது பச்சைக்கல்லைத் திருப்பிப் போடுவது. ஈரம் காயாத கல்மேல் பெரியவர்கள் கால் வைத்தால் உடையும், சிறு பிள்ளையின் எடைக்கு உடையாது. விடியுமுன் எழுந்து வெயில் ஏறும் வரை இந்த வேலை. சட்டம் கேட்கிறவருக்கு 'சும்மா அம்மாவுக்கு ஒத்தாசை' என்று பதில் தயாராக இருக்கும். சோதனைக்கு ஜீப் வந்தால் பிள்ளைகள் பக்கத்துத் தோப்புக்குள் போய்விடுவார்கள், ஜீப் போனதும் திரும்பி வருவார்கள்.

பலன் கண்ட விஷயம் இரண்டு. ஒன்று, இங்கேயே ஒடியா மொழியில் பாடம். சர்வ சிக்ஷா அபியான் (அனைவருக்கும் கல்வி இயக்கம்) காலத்தில் திருவள்ளூர்ச் சூளைப் பகுதிகளில் ஒடியா பாடப்புத்தகம் வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்து வகுப்பு நடந்தது. தமிழ் தெரியாத பிள்ளையைத் தமிழ் வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டாவது வாரம் சூளைக்குத் திரும்பிவிடும், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மற்றது, ஒடிசாவிலேயே நடத்துகிற பருவகால விடுதி. பெற்றோர் கிளம்பும் மாதங்களில் பிள்ளை ஊரிலேயே தங்கித் தன் பள்ளிக்கே போகலாம். பாட்டி தாத்தா இல்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி.

நிலாமதி, உங்கள் திட்டம் உலக வங்கிக் கடன் என்றால் 2018 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் அவர்களுடைய சுற்றுச்சூழல், சமூகத் தரங்களில் இரண்டாவதை எடுத்துப் படியுங்கள். திட்டத்துக்கு அவசியமான பொருளைத் தொடர்ந்து நேரடியாகக் கொடுக்கிற முதன்மைச் சப்ளையர்களிடம் குழந்தை உழைப்பு நடக்கும் ஆபத்து இருக்கிறதா என்று கடன் வாங்கியவர் பார்க்க வேண்டும், கண்டால் சரிசெய்ய வைக்க வேண்டும், சரிசெய்ய முடியாவிட்டால் காலப்போக்கில் சப்ளையரையே மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக "அது சப்ளையர் விஷயம்" என்ற பதில் உங்களிடம் செல்லாது. ஒரே ஓட்டை, ஏஜென்ட் மூலமாக வாங்கினால் 'நேரடியாக' என்ற சொல்லை வைத்து நழுவிவிடுவார்கள்.

மேற்குத்தொடர்

மாற்றுக் கருத்து ஒன்று, கோபிக்க வேண்டாம். நான் விவசாயக் குடும்பம். பத்து வயதில் மாடு மேய்த்தேன், களை பறித்தேன், பள்ளிக்கும் போனேன். எல்லா வேலையையும் குற்றம் என்று பார்ப்பது நகரத்துப் பார்வை என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விட முக்கியம், அந்தக் குடும்பத்துக்கு அந்த வருமானம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வங்கிக்காரன் அறிக்கை கேட்கிறான் என்பதற்காகப் பிள்ளைகளைத் துரத்திவிட்டால் இதை விட மோசமான இடத்துக்குத்தான் போவார்கள். பங்களாதேஷில் அப்படித்தானே நடந்தது?

கரிசல் டீச்சர்

மேற்குத்தொடர் ஐயா, நீங்கள் மாடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்கும் போனீர்கள். நாங்கள் பேசுவது போகவே முடியாத பிள்ளைகளைப் பற்றி.

சாத்தூர்ப் பக்கம் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். 1988-ல் அந்தத் திட்டம் ஆரம்பித்தபோது முதலில் எடுத்த இடங்களில் சிவகாசி வட்டாரமும் ஒன்று. விடியுமுன் தீப்பெட்டி, பட்டாசுக் கம்பெனி வண்டி கிராமத்துக்கு வரும், தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிப் போகும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் எண்ணிக்கைக் கூலி. மருந்து பட்ட விரல்களோடு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கப் பழக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

அது குறைந்ததற்கு ஒரே காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும், குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் அரசு போட வேண்டும் என்று சொன்னது. தீர்ப்பு வந்த பிறகு முதலாளிகளுக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் வேலை உடனே வீடுகளுக்குள் போய்விட்டது, பெட்டி ஒட்டுவதும் திரி சுற்றுவதும் திண்ணைக்கு வந்தன. அதைக் குறைத்தது வேறு விஷயங்கள். சத்துணவு, நடந்து போகிற தூரத்தில் உயர்நிலைப் பள்ளி, இலவச பஸ் பாஸ், சைக்கிள், பெண்கள் சுய உதவிக் குழுக்கள், தீப்பெட்டித் தொழிலில் இயந்திரம் வந்தது, பெரியவர் கூலி கொஞ்சம் ஏறியது. எங்கள் பள்ளியில் மாத உதவித்தொகை முதலில் 100 ரூபாய், அது வருவதே தாமதமாகும். மதியச் சோறு தாமதமாகாது. பிள்ளையைப் பிடித்து வைத்தது சோறுதான்.

2021-லிருந்து இந்தத் திட்டத்தைச் சமக்ர சிக்ஷா என்ற பொதுப் பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். சிறப்புப் பள்ளி தேவையில்லை, எல்லாம் பொதுப் பள்ளிக்குள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழந்தைத் தொழிலாளரைத் தேடிப் போவதையே தன் வேலையாக வைத்திருந்த ஒரு அமைப்பு மாவட்டத்தில் இல்லாமல் போனது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

பங்களாதேஷ் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் பாதிக் கதை. அமெரிக்காவில் குழந்தைகள் செய்த பொருள்களை இறக்குமதி செய்யத் தடை கேட்டு செனட்டர் ஹார்கின் 1990-களின் தொடக்கத்தில் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாவதற்கு முன்பே தையல் ஆலைகள் பயந்து பத்தாயிரக்கணக்கில் பிள்ளைகளை வெளியே தள்ளின, நிறையப் பேர் கல் உடைக்கவும் தெருவில் அலையவும் போனார்கள், அதை யுனிசெஃப் பின்னர் எழுதியது. மீதிக் கதை 1995 ஜூலையில். ஆலை முதலாளிகள் சங்கம், ஐ.எல்.ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு), யுனிசெஃப் மூவரும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியில் இடம் தயாராகும் முன் எந்தப் பிள்ளையையும் நீக்கக்கூடாது என்றும், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் 300 டாக்கா என்றும் முடிவு செய்தார்கள். துரத்தினால் என்ன ஆகும் என்று பங்களாதேஷ் காட்டியது, சேர்த்துக்கொண்டு வெளியே எடுப்பது எப்படி என்றும் அதே நாடுதான் காட்டியது.

மேற்குத்தொடர்

டீச்சர் அம்மா, இரண்டாவது பாதி எனக்குத் தெரியாது, நன்றி. ஆனாலும் கேட்கிறேன், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்திலேயே பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம் என்று அரசே விட்டுவிட்டதே?

வழக்குக்கட்டு

அந்த விலக்கு குடும்பத்தின் சொந்தத் தொழிலுக்கு, அதுவும் ஆபத்தான வேலை இல்லாவிட்டால். சூளை அந்தக் குடும்பத்துடையது இல்லையே! முன்பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவர் சூளையில் கல் அறுப்பது எப்படிக் குடும்பத் தொழில் ஆகும்? நடைமுறையில் அந்த விலக்கை இழுத்து இழுத்து எல்லாவற்றையும் மூடுகிறார்கள் என்பது உண்மை, அந்தத் திருத்தத்தை நான் அப்போதே எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். குவாரிக்கு அந்தப் பேச்சே கிடையாது, குவாரியும் சட்டத்தில் சுரங்கம்தான், அதே திருத்தப்படி சுரங்க வேலையில் பதினெட்டுக்குக் கீழே யாரையும் வைக்க முடியாது. ஜல்லி விஷயத்தில் பதினான்கு வயது தாண்டினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிலாமதி சட்டப் பிரிவு வேண்டாம் என்றார், இருந்தாலும் இரண்டு தீர்ப்பைச் சொல்லியே ஆக வேண்டும், இரண்டுமே அரசின் வளர்ச்சித் திட்டங்களில் நடந்தவை. 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் மைதானமும் மேம்பாலமும் கட்டினார்கள். அங்கே குறைந்தபட்சக் கூலி தரவில்லை, குழந்தைகளை வேலைக்கு வைக்கிறார்கள் என்று வழக்கு. குழந்தைகளை வேலைக்கு வைப்பது பற்றிய அப்போதைய 1938 சட்டத்தின் பட்டியலில் கட்டுமானம் இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. நீதிபதி பகவதி, பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, கட்டுமானம் ஆபத்தான வேலைதான், அரசியலமைப்பின் 24-வது பிரிவு நேரடியாகவே தடுக்கிறது என்றார். அதே தீர்ப்பில்தான் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது கட்டாய உழைப்பு என்றும் வந்தது.

அடுத்த வருஷம், 1983, ஜம்மு காஷ்மீரில் சலால் நீர்மின் திட்ட வழக்கு. ஒடிசாவிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் கூட்டிவந்த தொழிலாளர்கள். அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது அப்படியே உங்கள் கேள்விக்குப் பதில்: கொஞ்ச காலம் நீடிக்கிற கட்டுமானத் திட்டத்தை மத்திய அரசு எடுத்தால் தளத்தில் தங்கியிருக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி செய்ய வேண்டும், வேலையைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்தால் அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொத்துக்கரண்டி சொன்ன அந்த பி.ஓ.க்யூ வரி இன்னும் வரவில்லை.

பின்னலாடை

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். கடன் கொடுப்பவர் அழுத்தம் வேலை செய்யுமா என்பதற்கு உஸ்பெகிஸ்தானைப் பாருங்கள். பஞ்சு எடுக்கும் பருவத்தில் அங்கே அரசே பள்ளிக்கூடங்களைப் பூட்டிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பியது. எங்கள் தொழிலில் வெளிநாட்டு பையர்கள் உஸ்பெக் பஞ்சு இல்லை என்று எழுதித் தரச் சொன்னது அதனால்தான். அந்த நாட்டின் விவசாயத் திட்டங்களுக்கு உலக வங்கி கடன் கொடுத்துக்கொண்டே இருந்தது. 2013-ல் அந்நாட்டு மனித உரிமைக்காரர்கள் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். அப்புறம்தான் திட்டப் பகுதியில் குழந்தை உழைப்போ கட்டாய உழைப்போ நம்பகமாகத் தெரிந்தால் கடனை நிறுத்தலாம் என்ற நிபந்தனையும், 2015-லிருந்து ஐ.எல்.ஓ கண்காணிப்பும் வந்தன. சிறு பிள்ளைகளை அனுப்புவதை 2012 வாக்கிலேயே குறைத்திருந்தார்கள், அந்த இடத்துக்கு ஆசிரியர்களையும் நர்சுகளையும் இழுத்தார்கள். 2016-ல் ஆட்சி மாறியது, பஞ்சு எடுக்கும் கூலி ஏறியது, கடைசியில் 2022 மார்ச்சில் உலகப் புறக்கணிப்பு விலக்கப்பட்டது. வங்கி தானாக எதுவும் செய்யவில்லை. வயலுக்குப் போய்ப் படம் எடுத்து, அதற்காகக் கைதான உள்ளூர் ஆட்கள்தான் செய்ய வைத்தார்கள்.

நிலாமதி

எல்லோருக்கும் நன்றி. சுருக்கமாகக் கேட்கிறேன், லேபர் ஷெட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணைக் குழந்தைத் தொழிலாளி என்று எழுதலாமா? என் மேலதிகாரி கூடாது என்கிறார், கூலி வாங்கவில்லையாம்.

கரிசல் டீச்சர்

எழுதுங்கள் அம்மா. ரங்காரெட்டி மாவட்டத்தில் எம்.வி. ஃபவுண்டேஷனை வைத்து சாந்தா சின்ஹா 1991-லிருந்து செய்தது இந்த ஒரு நிலைப்பாட்டை வைத்துத்தான். பள்ளிக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளி, கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அந்தப் பெண் தம்பியைப் பார்த்துக்கொள்வதால்தான் அவள் அம்மா சித்தாள் வேலைக்கு வர முடிகிறது. அந்த வேலையின் பலன் உங்கள் சாலையில்தான் சேர்கிறது.

படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் தனியாக ஒரு தாள் இணையுங்கள்: ஷெட்டில் ஆறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் எத்தனை பேர், அதில் பள்ளியில் பெயர் இருப்பவர் எத்தனை, நேற்று உண்மையில் போனவர் எத்தனை. பள்ளியில் சேர்க்க டி.சி. கேட்டால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள், பிறப்புச் சான்றோ டி.சி.யோ இல்லை என்று பதினான்கு வயது வரை திருப்பி அனுப்ப முடியாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். தலைமையாசிரியரை ஒரு தடவை ஷெட்டுக்குக் கூட்டிப் போங்கள், போனில் பேசினால் நடக்காது.

கொத்துக்கரண்டி

காப்பகத்துக்கு ஒரு யோசனை. டெல்லியில் 1969-ல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக் கட்டுமானத்தில் மீரா மகாதேவன் ஆரம்பித்த 'மொபைல் கிரெஷ்' மாதிரி, வேலை நகர நகரக் காப்பகமும் நகர வேண்டும். சாலை வேலையில் கேம்ப் இடம் மாறிக்கொண்டே இருக்கும், சிமெண்ட்டில் கட்டினால் வீண். தூக்கி இடம் மாற்றக்கூடிய போர்ட்டா கேபின் போதும், டாய்லெட்டோடு. நூறு நாள் வேலைச் சட்டத்தில் 2005-லேயே இருந்த முறையையும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பிள்ளைகள் வந்தாலே அங்கு வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள உட்கார வைத்து, அவருக்கும் அதே கூலி. 50 என்ற கணக்கை விட ஐந்து என்ற கணக்குத்தான் சைட்டுக்குப் பொருந்தும்.

பணத்துக்கு வழி: வேலை நடந்துகொண்டிருக்கும்போது புது ஐட்டம் சேர்க்க வேரியேஷன் ஆர்டர் (ஒப்பந்த வேலையை மாற்றும் உத்தரவு) போடலாம். முன்கூட்டித் தெரியாத செலவுக்கு ஒப்பந்தத்தில் ஒதுக்கிய புரொவிஷனல் சம் மிச்சம் இருந்தால் அதிலிருந்து எடுக்க முடியும். மாத பில்லோடு வருகைப் பதிவேட்டை இணைத்தால்தான் அந்த ஐட்டத்துக்குப் பணம் என்று போடுங்கள், அப்போது சிமெண்ட் மூட்டை அடுக்க மாட்டார். மீட்டர் கணக்கு வேலையில் மஸ்டரும் கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை வாங்கிவிடுங்கள்.

சூளைக்காடு

அதோடு செங்கலுக்கு: வடிகாலுக்குச் சூளையில் சுடாத ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல் வாங்கினால் இந்தச் சிக்கலே வராது என்று உங்கள் அலுவலகத்தில் சிலர் சொல்வார்கள். சூளைக் கல்லை வாங்காமல் விட்டால் உங்கள் அறிக்கை சுத்தமாகும், அந்தக் குடும்பம் வேறு சூளைக்குப் போகும். வாங்குங்கள், வாங்கும்போது இரண்டு நிபந்தனை வையுங்கள். இரண்டு பெரியவர்கள் எட்டு மணி நேரத்தில் அறுக்கிற கல்லுக்கே இரண்டு பேருடைய குறைந்தபட்சக் கூலி வருகிற மாதிரி ஆயிரம் கல் ரேட் இருக்க வேண்டும். அந்த ரேட்டில் பிள்ளை கையை நம்பிக் கணக்குப் போட வேண்டிய அவசியம் குறையும். அப்புறம், கணக்கு மாதாமாதம் முடிந்து அவரவர் பெயரில் பணம் போக வேண்டும், மனைவி பெயரில் தனியாக. முன்பணத்தைச் சொல்லி ஊருக்குப் போக விடாமல் நிறுத்தினால் அது 1976 கொத்தடிமைச் சட்டத்தில் வரும், வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) நேரே போகலாம்.

நிலாமதி

ஐந்து பிள்ளைக்கு ஒரு பெண் என்பதையும் போர்ட்டா கேபினையும் வைத்து வேரியேஷன் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன். சலால் தீர்ப்பின் அந்தப் பத்தியை அப்படியே மேலே சேர்க்கிறேன். கொத்துக்கரண்டி சார், ஆயா கூலிக்கு எந்த ரேட் போடுவது, சித்தாள் ரேட்டா?

கொத்துக்கரண்டி

சித்தாள் ரேட்டுக்குக் குறையாமல் போடுங்கள், குறைந்தால் யாரும் உட்கார மாட்டார்கள். ஷெட்டில் எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகமோ அந்த மொழிப் பெண்ணாகப் பாருங்கள். குறிப்பை அனுப்புவதற்கு முன் இங்கே போடுங்கள், அளவும் ரேட்டும் பார்த்துத் தருகிறேன்.